உருக்கின் விலையைச் சமன் செய்த தேசம் ஜரியாவின் கடனைத் தீர்க்குமா?

புது தில்லி: திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் ஒட்டிய எல்லைக் கிராமங்களில் ஒன்று காஞ்சிரங்குளம். தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர். இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஜார்க்கண்ட் மாநிலத்தில், தாமோதர் நதிப் பள்ளத்தாக்கு உள்ளது. நாட்டின் நிலக்கரியும் உருக்கும் பிறந்த பூமி அது.

இந்த இரண்டு இடங்களையும் ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஒரு கணக்கு இணைத்திருந்தது. ஜாம்ஷெட்பூர் உருக்காலையின் வாசலில் ஒரு டன் கம்பிக்கு என்ன விலையோ, அதே விலைதான் திருவனந்தபுரம் ரயில் நிலையத்தில் இறங்கும் கம்பிக்கும். தொலைவுக்கான செலவை தேசம் முழுவதும் பகிர்ந்துகொண்டது. ஆனால் அந்தக் கம்பியை உருக்குவதற்கான நிலக்கரியைத் தோண்டக் கொடுத்த நிலத்தின் இழப்பை யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

அந்தப் பழைய கணக்கு இப்போது மீண்டும் திறக்கப்பட்டுள்ளது. கனிமவளத்தின் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஜரியா சுரங்கத் தீயால் பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வுக்கான திருத்தப்பட்ட பெருந்திட்டத்துக்கு 2025 ஜூன் 25-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவ்விரு முடிவுகளின் பின்னணியைப் புரிந்துகொள்ள, அந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றையும் நில அமைப்பையும் அறிவது அவசியம்.

நிலம் தந்த வரம்: சோட்டா நாகபுரி பீடபூமியில் உற்பத்தியாகும் தாமோதர் நதி, கிழக்கு நோக்கி ஓடி மேற்கு வங்கத்தில் ஹூக்ளியுடன் கலக்கிறது. அதன் கரையோரமாக மேற்கிலிருந்து கிழக்கே வடக்கு கரன்புரா, தெற்கு கரன்புரா, ராம்கர், பொகாரோ, ஜரியா, ராணிகஞ்ச் என நிலக்கரி வயல்கள் சங்கிலிபோல் அமைந்துள்ளன. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு சதுப்புக் காடுகளாக இருந்த நிலம், வண்டலுக்கு அடியில் புதைந்து நிலக்கரிப் படிவங்களானது.

நிலக்கரி பல இடங்களில் கிடைத்தாலும் எல்லா நிலக்கரியும் உருக்காலைக்கு உதவாது. காற்றுப் புகாத அடுப்பில் வாட்டும்போது உதிராமல் கெட்டியான கோக்காக மாறும் நிலக்கரிதான் இரும்புத் தாதை உருக்கும் ஊது உலைக்குத் தேவை. அது வெப்பம் தருவதோடு, தாதிலுள்ள ஆக்சிஜனையும் பிரித்தெடுக்கிறது. உலைக்குள் கொட்டப்படும் தாதின் எடையையும் தாங்கி நிற்கிறது. இந்தியாவில் உயர்தரமான இவ்வகை நிலக்கரியின் முதன்மை இருப்பிடம் ஜரியா. அதற்குத் தெற்கே சிங்பூம் மாவட்டத்திலும், ஒடிசாவின் மயூர்பஞ்ச், சுந்தர்கர் பகுதிகளிலும் இரும்புத் தாதும் சுண்ணாம்புக்கல்லும் கிடைக்கின்றன. ஓரிரவு ரயில் பயண தூரத்துக்குள் இம்மூன்றும் சேர்ந்து அமைந்திருப்பதே இப்பகுதியின் சிறப்பு.

தெற்கில் தோற்ற முயற்சி: இந்தச் சேர்க்கை எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழக வரலாறே காட்டுகிறது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் உருக்குத் தயாரித்ததற்குச் சான்று கூறுகின்றன. தென்னிந்திய உருக்கு கடல் கடந்து சென்று புகழ்பெற்றது.

அந்தப் புகழை நம்பி, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830-ல் பரங்கிப்பேட்டையில் நவீன இரும்பாலையை நிறுவினார். சேலம் தாது அங்கே கொண்டுவரப்பட்டது. மலபார் கரையில் பேப்பூரிலும் ஒரு கிளை ஆலை எழுந்தது. தாது தரமானது, தொழிலாளர்களும் கிடைத்தார்கள். ஆனால் உலைக்குத் தீனி போட மரக்கரியைத் தவிர வேறு எரிபொருள் இல்லை. காடுகள் அருக, செலவு பெருகியது. இங்கிலாந்தில் கோக்கைக் கொண்டு மலிவாகத் தயாரிக்கப்பட்ட இரும்புடன் போட்டியிட முடியாமல் அந்த ஆலை நொடித்துப் போனது. தெற்கில் தாது இருந்தது; திறமை இருந்தது; கோக் இல்லை. இந்தியாவின் கனரகத் தொழில் தாமோதர் பள்ளத்தாக்குக்குச் சென்றதற்கு நிலவியலே காரணம் எனலாம்.

கம்பெனி முதல் டாடா வரை: ராணிகஞ்சில் நிலக்கரி வெட்ட 1774-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சம்னர், ஹீட்லி என்ற இரு ஆங்கிலேயர்களுக்கு அனுமதி வழங்கியது. இந்தியாவில் வணிகரீதியான நிலக்கரிச் சுரங்கத் தொழில் அங்கிருந்து தொடங்குகிறது. 1830-களில் அந்தச் சுரங்கங்கள் கவி ரவீந்திரநாத் தாகூரின் பாட்டனார் துவாரகாநாத் தாகூரின் நிறுவனத்திடம் வந்தன. 1855 பிப்ரவரியில் ஹௌராவிலிருந்து ராணிகஞ்சுக்கு ரயில் பாதை திறக்கப்பட்டபோது, நிலக்கரிக்குச் சந்தை விரிந்தது. ரயில் என்ஜினுக்கு நிலக்கரி தேவை. நிலக்கரி சந்தைக்குச் செல்ல ரயில் தேவை. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன. 1890-களில் ரயில் ஜரியாவை எட்டியதும் அங்கும் சுரங்கங்கள் பெருகின.

1904 பிப்ரவரியில் நிலவியல் அறிஞர் பி.என்.போஸ், மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் கொருமஹிசானி மலையில் செறிவான இரும்புத் தாது இருப்பதாக ஜாம்ஷெட்ஜி டாடாவுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு மே மாதம் ஜாம்ஷெட்ஜி காலமானார். அவரது மகன் தொராப்ஜி தலைமையில் 1907-ல் டாடா இரும்பு உருக்கு நிறுவனம் தொடங்கப்பட்டது. சுவர்ணரேகா, கர்காய் நதிகள் கூடும் இடத்தில் இருந்த சாக்சி கிராமத்தில் ஆலை எழுந்தது. 1912 பிப்ரவரி 16-ல் முதல் உருக்குப் பாளம் வார்க்கப்பட்டது. முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்குத் தண்டவாளம் தந்து உதவியதற்காக, 1919-ல் வைஸ்ராய் செம்ஸ்போர்டு சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார்.

சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் சந்தால் பழங்குடியினரும், பாவ்ரி, புய்யான் போன்ற சமூகத்தினரும் ஆவர். கணவன் வெட்ட, மனைவி சுமப்பது அன்றைய வழக்கம். பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கப் பிற்பாடு தடை வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நிலக்கரித் தேவை மிகுந்ததால், 1943-ல் அந்தத் தடையையே அரசு தளர்த்தியது. போர் முடிந்த பின், 1946-ல் மீண்டும் தடை விதிக்கப்பட்டது.

அணைகளும் ஆலைகளும்: சுதந்திர இந்தியா இந்தப் பள்ளத்தாக்கைத் தன் கனவுகளின் களமாகக் கொண்டது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1948 ஜூலை 7-ல் தாமோதர் பள்ளத்தாக்கு நிறுவனம் அமைக்கப்பட்டது. திலையா, கோனார், மைதான், பஞ்சேத் அணைகள் அடுத்தடுத்து எழுந்தன.

1959 டிசம்பர் 6-ல் பஞ்சேத் அணையைத் திறந்துவைக்கப் பிரதமர் நேரு வந்தார். அணை கட்டும் பணியில் ஈடுபட்டிருந்த புத்னி மேஜான் என்ற இளம் சந்தால் பெண்ணை, பொத்தானை அழுத்தித் திறக்கச் செய்தார். விழாவில் நேருவுக்கு மாலை அணிவித்ததால், அவர் வேற்றுச் சமூகத்தவரை மணந்துவிட்டதாகக் கருதி அவரது சமூகம் அவரை விலக்கி வைத்தது. சில ஆண்டுகளில் வேலையும் பறிபோனது. நீண்ட காலத்துக்குப் பிறகு, ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோதுதான் அவருக்கு மீண்டும் வேலை கிடைத்தது. 2023 நவம்பரில் அவர் காலமானார். அவரது வாழ்க்கையை ஒட்டி மலையாள எழுத்தாளர் சாரா ஜோசப் 'புதினி' என்ற நாவலை எழுதினார். தாமோதர் கரையில் நிகழ்ந்த கதை, கேரளத்து வாசகர் வீட்டுக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

அணைகளைப் போலவே ஆலைகளும் எழுந்தன. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் ரூர்கேலா, சோவியத் உதவியுடன் பிலாய், பிரிட்டன் உதவியுடன் துர்காபூர் ஆகிய மூன்று பொதுத்துறை உருக்காலைகளும் 1959-ல் உற்பத்தியைத் தொடங்கின. அடுத்ததாகப் பொகாரோவுக்கு அமெரிக்க உதவி நாடப்பட்டது. மத்திய உருக்குத் துறை அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம் அதற்கு முயன்றார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பால் 1963-ல் அம்முயற்சி கைவிடப்பட்டு, பின்னர் சோவியத் உதவியுடன் ஆலை கட்டப்பட்டது. பொகாரோவின் முதல் ஊது உலை 1972-ல் இயங்கத் தொடங்கியது.

இந்நகரங்களுக்குத் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பொறியாளர்கள், தட்டச்சர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள் எனப் பல்லாயிரம் பேர் சென்றனர். தென்னக நடுத்தரக் குடும்பங்களின் தலைமுறையொன்று, மாதந்தோறும் ஜாம்ஷெட்பூரிலிருந்தும் பிலாயிலிருந்தும் வந்த மணியார்டரில் படித்து வளர்ந்தது.

தேசம் முழுவதும் ஒரே விலை: ஆலைகள் கிழக்கில் குவிந்திருக்க, பிற பகுதிகள் எவ்வாறு தொழில் வளர்ப்பது? இக்கேள்விக்கு மத்திய அரசு கண்ட விடைதான் 1956-ல் உருக்குக்கு நடைமுறைக்கு வந்த சரக்குக் கட்டணச் சமன் கொள்கை. இதன்படி, எந்த ரயில் நிலையத்தில் இறக்கினாலும் உருக்குக்கு ஒரே விலை. அந்த விலையிலேயே நாடு தழுவிய சராசரி ரயில் கட்டணம் சேர்க்கப்பட்டது. ஆலைக்கு அருகில் இருப்பவர் தமக்கு ஆகாத செலவையும் சேர்த்துச் செலுத்தினார். தொலைவில் இருப்பவருக்காக ஏற்பட்ட கூடுதல் செலவு, அவ்வாறு திரண்ட பொது நிதியிலிருந்து ஈடுகட்டப்பட்டது. நிலக்கரிக்கான ரயில் கட்டணமும், தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான விகிதம் குறையும் வகையில் அமைந்திருந்தது.

திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்கள் நான்கும் தாய்த் தமிழகத்துடன் இணைந்து, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கியதும் அதே 1956-ல்தான். எல்லைக்கு இப்பால் நாகர்கோவிலும் அப்பால் காஞ்சிரங்குளமும் வெவ்வேறு மாநிலங்களாயின. எனினும் உருக்கின் விலை இரண்டுக்கும் ஒன்றே. திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை வழியாக நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் வந்ததே 1979-ல்தான். அதற்கு முன் இப்பகுதிக்கான கம்பி திருவனந்தபுரத்தில் இறங்கி, சாலை வழியே வந்தது. பெர்மிட் முறை இருந்த காலமாதலால் கேட்ட அளவு கிடைப்பதும் அரிது. ஆனாலும், கோவையின் மோட்டார் பம்ப் தொழிலும், சென்னை அம்பத்தூரின் இயந்திரத் தொழிலும் செழித்ததில் இந்த ஒரே விலைக்கும் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

கிழக்கு மாநிலங்களின் மனக்குறையும் நியாயமானதே. இரும்பும் நிலக்கரியும் தேசத்தின் பொதுச் சொத்து என்றால், குஜராத், மகாராஷ்டிரப் பருத்திக்கு ஏன் அதே சலுகை இல்லை என்று பிகாரும் மேற்கு வங்கமும் கேட்டன. ஆலைக்கு அருகே தொழில் தொடங்கினால் கிடைத்திருக்க வேண்டிய இயல்பான ஆதாயம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. தாதும் நிலக்கரியும் வெளியேற, அவற்றை ஒட்டி வளர வேண்டிய தொழில்கள் துறைமுகங்களுக்கும் சந்தைகளுக்கும் அருகே சென்றன. 1992 தொடக்கத்தில் உருக்கு விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது, இந்தச் சமன் முறையும் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

குமாரமங்கலம் எடுத்த முடிவு: நிலத்தடியில் வேறொரு நெருக்கடி முற்றிக்கொண்டிருந்தது. தனியார் சுரங்க முதலாளிகளில் பலர் எளிதில் கிடைத்த நல்ல படிவத்தை மட்டும் வெட்டிக்கொண்டு, எஞ்சியதைப் பாழாக விட்டுச் சென்றனர். வெட்டிய குடைவுகளை நதி மணலால் நிரப்பாமல் விட்டதால் மேல்மண் சரிந்தது. வெற்றிடங்களில் காற்றுப் புகுந்து நிலக்கரி தானே தீப்பற்றியது. 1965-ல் பொகாரோ வயலின் தோரி சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இந்நிலையில், 1971-ல் புதுச்சேரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வாகி, மத்திய உருக்கு மற்றும் சுரங்கத் துறை அமைச்சரான மோகன் குமாரமங்கலம் துணிந்து முடிவெடுத்தார். 1971 அக்டோபரில் அவசரச் சட்டத்தின் மூலம் கோக் தயாரிக்க உதவும் நிலக்கரிச் சுரங்கங்கள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றின் நிர்வாகம் அரசின் வசமானது. 1972 மே 1-ல் அவை தேசியமயமாயின. ஏனைய நிலக்கரிச் சுரங்கங்கள் எழுநூறுக்கும் மேற்பட்டவை 1973 மே 1-ல் தேசியமயமாயின. டாடா, இந்தியன் அயர்ன் ஆகிய நிறுவனங்கள் தங்கள் உருக்காலைகளுக்கென வைத்திருந்த சுரங்கங்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

அந்தப் பணி நிறைவேறிய அதே மாதத்தின் கடைசி நாளில், 1973 மே 31-ல், சென்னையிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட விமானம் தில்லி அருகே விபத்துக்குள்ளாகி குமாரமங்கலம் உயிரிழந்தார். 1975 நவம்பரில் கோல் இந்தியா நிறுவனம் உருவானது. அடுத்த மாதமே, டிசம்பர் 27-ல், இந்தியன் அயர்ன் நிறுவனத்துக்கு உரிய சாஸ்நாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 375 பேர் பலியாயினர். அந்நிறுவனத்தின் நிர்வாகமும் அப்போது அரசின் வசமே இருந்தது. உடைமை மாறினாலும் அபாயம் மாறவில்லை என்பதை அந்தத் துயரம் உணர்த்தியது.

நாற்பது ஆண்டுகளில் சக்கரம் மறுபடியும் சுழன்றது. தனியாருக்கு நிலக்கரிப் படுகைகள் ஒதுக்கப்பட்ட முறை சட்டவிரோதம் என்று கூறி, 204 ஒதுக்கீடுகளை 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2015-ல் புதிய சட்டம் வந்தது. தேசியமயச் சட்டங்கள் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டன. 2020 ஜூனில், தனியார் வணிகரீதியாக நிலக்கரி வெட்டி விற்பதற்கான ஏலம் தொடங்கியது.

நூறாண்டாக எரியும் ஊர்: ஜரியாவில் நிலத்தடித் தீ முதன்முதலில் கண்டறியப்பட்டது 1916-ல். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அது முழுவதும் அணையவில்லை. பல இடங்களில் தரைப் பிளவிலிருந்து புகை எழுகிறது. வீட்டுத் தரை சுடுகிறது. சுவர்கள் விரிசல் விடுகின்றன. திடீரென நிலம் உள்வாங்குகிறது. தன்பாதையும் சந்திரபுராவையும் இணைக்கும் ரயில் பாதையே தீ அபாயத்தின் காரணமாக 2017 ஜூன் 15 முதல் மூடப்பட்டது. 2019-ல்தான் மீண்டும் ரயில் ஓடியது.

2009 ஆகஸ்டில் ஜரியாவுக்காக ரூ.7,112 கோடியிலான பெருந்திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. தீயை அணைப்பது, மக்களை வேறிடத்தில் குடியமர்த்துவது ஆகிய இரண்டும் அதன் நோக்கங்கள். 2021 ஆகஸ்டில் அதன் காலம் முடிந்தது. தீப்பற்றிய பரப்பு கணிசமாகக் குறைந்ததாக நிலக்கரி அமைச்சகம் கூறுகிறது. ஆனால் குடியமர்த்தும் பணி பின்தங்கியது. பெல்கரியாவில் கட்டப்பட்ட குடியிருப்புகளுக்குச் செல்லப் பலரும் தயங்கினர். காரணம் எளிது. விடியற்காலையில் நிலக்கரி பொறுக்கி, சைக்கிளில் மூட்டைகளாகக் கட்டித் தள்ளிச் சென்று விற்றுப் பிழைப்பவர்களுக்கு, சுரங்கத்திலிருந்து விலகிய இடத்தில் வீடு கிடைக்கிறது, பிழைப்பு கிடைப்பதில்லை. மேலும், நிலத்துக்குப் பட்டா உள்ளவர், இல்லாதவர் என்ற பாகுபாடும் இருந்தது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்களாகக் கருதப்பட்டனர்.

2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ரூ.5,940 கோடி திருத்தத் திட்டம் இக்குறையை ஓரளவு உணர்ந்துள்ளது. பட்டா உள்ள குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் வாழ்வாதார உதவியாக ரூ.1 லட்சம் வழங்குவது, ரூ.3 லட்சம் வரை கடன் பெற வழிசெய்வது, தொழிற்பயிற்சி அளிப்பது ஆகியவை இதில் இடம்பெற்றுள்ளன. வீட்டைக் காட்டிலும் வேலையே முதன்மை என்பதை அரசு ஏற்க 16 ஆண்டுகள் பிடித்தன.

தலையூத்தில் தொடங்கிய வழக்கு: இனி, பணம் யாருக்கு என்ற கேள்வி. இதன் சட்ட வரலாறு தமிழ் மண்ணில் தொடங்குகிறது. திருநெல்வேலி மாவட்டம் தலையூத்தில் வெட்டப்பட்ட சுண்ணாம்புக்கல்லுக்கான ராயல்டியின் மீது, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி மாநில அரசு தலவரி விதித்தது. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. ராயல்டி என்பதே ஒரு வரி. அதன்மீது மேலும் வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1989 அக்டோபரில் 7 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. தமிழகம் தோற்ற அந்த வழக்கு, பிகார், ஒடிசா, மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட கனிமவள மாநிலங்கள் அனைத்தின் கைகளையும் கட்டிப்போட்டது.

அந்தக் கட்டை அவிழ்த்தது தன்பாதிலிருந்து வந்த வழக்கு. அங்குள்ள கனிமப் பகுதி மேம்பாட்டு ஆணையத்துக்கும் இந்திய உருக்கு ஆணையத்துக்கும் இடையிலான அந்த வழக்கு, 2011-ல் 9 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு 2024-ல் 8:1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ராயல்டி வரியல்ல, அது கனிமத்தை எடுப்பதற்காக உரிமையாளருக்குத் தரும் ஒப்பந்தத் தொகை. எனவே கனிம உரிமையின் மீதும், கனிமம் உள்ள நிலத்தின் மீதும் வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அமர்வு கூறியது. 2005 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய நிலுவையை வசூலிக்கலாம் என்றும், 2026 ஏப்ரல் 1 தொடங்கி 12 ஆண்டுகளில் தவணைகளாகப் பெறலாம் என்றும் ஆகஸ்ட் 14-ல் உத்தரவிட்டது.

ஜார்க்கண்ட் உடனே கனிம நிலங்களுக்குத் தலவரி விதிக்கும் சட்டத்தை இயற்றியது. 1989-ல் தோற்ற தமிழகமும் 2024-ல் இதுபோன்ற சட்டத்தை நிறைவேற்றி, 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது.

இதற்கிடையே, நில இழப்பீடு, ராயல்டி உள்ளிட்ட வகைகளில் மத்திய நிலக்கரி நிறுவனங்கள் ரூ.1.36 லட்சம் கோடி தர வேண்டியுள்ளது என்கிறது ஜார்க்கண்ட் அரசு. அவ்வாறு நிலுவை எதுவும் இல்லை என்று 2024 டிசம்பரில் மக்களவையில் மத்திய அரசு எழுத்துமூலம் பதிலளித்தது. இரு தரப்புக்கும் இடையிலான இந்த இடைவெளி எளிதில் மூடக்கூடியதன்று.

நாடாளுமன்றத்தின் பொறுப்பு: உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்றுண்டு. கனிம உரிமை மீதான மாநிலங்களின் வரி அதிகாரத்துக்கு, கனிம வளர்ச்சியைக் கருதி நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் வரம்பு விதிக்கலாம். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பி.வி.நாகரத்னா, மாநிலங்களிடையே வரி விதிப்பில் ஆரோக்கியமற்ற போட்டி ஏற்படும் என்றும், கனிமங்களின் விலை சீரற்று உயரும் என்றும் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைப் புறந்தள்ளிவிட முடியாது. ஜார்க்கண்ட் விதிக்கும் தலவரி, கடைசியில் காஞ்சிரங்குளத்தில் வீடு கட்டுபவர் வாங்கும் கம்பியின் விலையிலும் பிரதிபலிக்கக்கூடும்.

ஆனால் வரம்பு விதிப்பதற்கு முன் நாடாளுமன்றம் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். நீதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, ஜார்க்கண்டில் 28.81 சதவீதம் பேர் வறுமையில் உள்ளனர். தமிழகத்தில் இது 2.20 சதவீதம், கேரளத்தில் 0.55 சதவீதம். நிலக்கரியும் இரும்பும் இல்லாத கேரளம் கடைசியில் இருக்க, இரண்டும் நிறைந்த ஜார்க்கண்ட் பிகாருக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. இதற்கு ஒரே விலைக் கொள்கை மட்டுமே காரணம் என்று கூற இயலாது. கேரளமும் தமிழகமும் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் செய்த முதலீட்டை மறந்துவிடக் கூடாது. கனிம மாநிலங்களின் ஆட்சிக் குறைபாடுகளையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஒரு பகுதியின் இயல்பான ஆதாயத்தைத் தேசத்தின் பெயரால் எடுத்துக்கொண்ட பின், அதன் இழப்பை மட்டும் உள்ளூர் விவகாரமாகக் கருதுவது முறையன்று.

சட்டத்திலும் இந்த ஏற்றத்தாழ்வு உள்ளது. நிலக்கரிக்கான நிலம் 1957-ம் ஆண்டின் தனிச் சட்டப்படி எடுக்கப்படுகிறது. 2013-ம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் உள்ள இழப்பீட்டு விதிகள் 2015 முதல் அதற்கும் பொருந்தும். ஆனால் நில உரிமையாளரின் ஒப்புதல், சமூகத் தாக்க மதிப்பீடு ஆகியவை பொருந்தா. நிலத்தைக் கொடுத்துவிட்டு நிரந்தர வேலைக்காகக் காத்திருப்பதன் வேதனையை நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமத்தினர் அறிவர். சுரங்க மாவட்ட மக்களின் நலனுக்காக 2015-ல் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் உருவாக்கப்பட்டன. அந்த நிதியைச் செலவிடுவதில் கிராம சபைகளின் குரல் எந்த அளவுக்கு எடுபடுகிறது என்பதே அவற்றின் வெற்றிக்கு உரைகல்.

தன்பாதிலிருந்து ராஞ்சி, ரூர்கேலா, சேலம், கோவை வழியாக ஆலப்புழைக்கு ஒரு விரைவு ரயில் ஓடுகிறது. உருக்காலைகளில் வேலை தேடித் தென்னகத்தவர் வடகிழக்கே சென்ற வழி அது. இப்போது அதே தடத்தில் ஜார்க்கண்ட் இளைஞர்கள் கேரளத்தின் கட்டுமானத் தளங்களுக்கு வருகின்றனர். நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரங்களில் எழும் கான்கிரீட் கூரைகளுக்குக் கம்பி வளைத்துக் கட்டும் கைகளில் அவர்களுடையவையும் உண்டு.

தூரத்தைப் பொருட்படுத்தாமல் கம்பியின் விலையைச் சமன் செய்ய 1956-ல் தேசத்துக்கு மனம் இருந்தது, வழியும் இருந்தது. அந்தக் கம்பிக்காக நிலத்தை இழந்து, எரியும் தரையின் மீது வாழ்பவர்களின் சுமையைப் பகிர்ந்துகொள்ளவும் மனம் வர வேண்டும். அதற்கான சட்டத்தை இயற்றும் இடம் நாடாளுமன்றமே.